பிஸ்கட் அட்டையில் நாலு எழுத்து

ஜூலை 14

இல்லவே இல்ல டீச்சரம்மா, நீ சொல்றதை நான் ஒத்துக்க முடியாது. புள்ளை புத்தகத்தைக் கையில பிடிச்சிருக்கா. முதல் பக்கத்துல இருந்து பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் கடகடன்னு வாசிக்கிறா. எங்க பக்கம் திருப்பணுமோ அங்க எச்சில் தொட்டுத் திருப்புறா. இதுக்குப் பேரு படிப்பு இல்லேன்னா வேற என்ன, சமையலா? நீ அவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு, "அத்தான், அது வெறும் மனப்பாடம்"னு ஒத்த வரியில எழுதி அனுப்பிட்டே. புள்ளை முகத்தைப் பாத்தியா, குரலைக் கேட்டியா, ஒண்ணும் கிடையாது.

சரி, முறைப்படி ஆரம்பிக்கிறேன். இல்லேன்னா அதுக்கும் தப்புன்னு சிவப்பு மையில வட்டம் போடுவே. அன்புள்ள கொழுந்தியாவுக்கு உன் அக்கா புருஷன் எழுதிக்கிறது. இங்க நானும் என் பொண்ணும் பேத்தி வாலுவும் சௌக்கியம். மருமகன் கப்பல் வேலையில இருக்கான், கப்பலே அவனுக்குச் சோறு போடுது. உன் அக்கா சுவர்ல போட்டோவுக்குள்ள இருந்து என்னை முறைச்சுக்கிட்டு சௌக்கியமா இருக்கா. உன் முட்டிவலி எப்படி? என் சகலையோட இருமல் எப்படி?

வாலுவுக்கு ஆறு வயசு முடிஞ்சு ஒண்ணாங்கிளாஸ் போறது உனக்குத் தெரியும். பொண்ணு பிஸ்கட் கம்பெனியில பேக்கிங்ல நின்னுட்டு சாயங்காலம் வந்து விழுறா, அதனால பாடம் என் தலையில. நான் கத்துக்கிட்ட வழியிலயே ஆனா ஆவன்னா, கானா ஙானா எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன். ஒரே குறை, கூப்பிட்டா திரும்ப மாட்டா. மூணாவது தடவை வீடு அதிர்ற மாதிரி கத்தினாத்தான் திரும்புவா. அது உன் அக்கா குணம், நான் பொறுப்பில்ல.

நான் மூணாங்கிளாஸ்தான். ஆனா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன். எந்த ஊர் போர்டையும் தப்பாப் படிச்சு வேற ஊருக்கு வண்டியை விட்டதில்ல.

இப்படிக்கு,
வருத்தத்துல இருக்கிற உன் அத்தான்


ஜூலை 25

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்திருக்கிறது. அவருடைய இருமல் குறையவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, இருமலுக்கு நடுவில் சிரிக்கிறார். அதைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை இருபத்தேழு வட்டம். போன தடவையைவிட நாலு குறைவு, முன்னேற்றம்தான்.

சண்டை வேண்டாம், ஒரு சோதனை செய்யலாம். படங்களைக் கையால் மறைத்துவிட்டு, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால் நான் தோற்றேன். வாசிக்காவிட்டால் அவளைத் திட்டாதீர்கள். ஞாபகசக்தி நல்லபடி இருக்கிற குழந்தைகள்தான் இப்படிப் பல மாதம் நம்மை ஏமாற்றும்.

அப்புறம் இந்த 'பானா டானா' விஷயம். அது எழுத்துக்கு நாம் வைத்த பெயர், எழுத்தின் சத்தம் இல்லை. பானா, டானா, இம்மன்னா மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருக்கும், படம் வராது. சத்தத்தைச் சொல்லுங்கள்: ப… ட… ம். சேர்த்தால் படம் தானாக வந்து நிற்கும். நாலு அட்டை வெட்டி ப, ட, ர, ம் என்று பெரிதாக எழுதி வையுங்கள். நாலு போதும்.

ஒரு தடவை போனில் பேசினால் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். போன் என்றால் ஏன் இப்படி ஓடுகிறீர்கள்?

அன்புடன்,
சின்னவள்


ஆகஸ்ட் 9

டீச்சரம்மாவுக்கு அத்தான் எழுதிக்கிறது. நீ ஜெயிச்சுட்டே. இந்த வரியை நூறு தடவை படிச்சு சந்தோஷப்பட்டுக்கோ, அடுத்த வரியில கிடைக்காது.

படத்தை மறைச்சேன். கடைசி வரியில இருந்து படிடின்னேன். யானைப் பக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு காக்கா பறந்த கதையைச் சொல்றா. அதுவும் ராகம் குறையாம. நான் நிறுத்துன்னதும் என் முகத்தைப் பாத்தா. தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. உடனே என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சா. கண்ணாடியில எழுத்து இருக்குன்னு நினைச்சா போல. சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

உன்கிட்ட ஒண்ணு சொல்லல. கிளாஸ் டீச்சர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பி பத்து நாள் ஆச்சு. புள்ளை கவனிக்கிறதே இல்லையாம், கேட்ட கேள்விக்கு வேற பதில் சொல்றாளாம், கடைசி வரிசையில உக்கார வெச்சிருக்காங்களாம். வருஷக் கடைசியில ஒவ்வொரு புள்ளையும் இதுவரைக்கும் பாக்காத ஒரு பக்கத்தை வாசிச்சுக் காட்டணும். வாசிக்கலேன்னா மறுபடி ஒண்ணாங்கிளாஸ்தான். அந்தச் சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கு. துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில வெச்சுக்குறேன். பொண்ணுகிட்ட இன்னும் காட்டல. நாளெல்லாம் கால் கடுக்க நின்னுட்டு வர்றவகிட்ட இதை எப்படி நீட்டுறது, சொல்லு.

பொண்ணு கொண்டு வந்த பிஸ்கட் அட்டையை வெட்டி நாலு எழுத்து எழுதிட்டேன். என் எழுத்தைப் பாத்து வாலுவே, "இது கோணலா இருக்கு தாத்தா"ங்கிறா. எனக்குக் கையெழுத்து வர்றதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிட்டாங்கடின்னேன். வாத்தியார் சைக்கிள்ல காத்தைப் பிடுங்கிவிட்ட கதை உனக்குத்தான் தெரியுமே.

போன்ல பேசினா நீ எங்க வட்டம் போடுவே? உனக்காகத்தான் எழுதுறேன்.

உடம்பைப் பாத்துக்கோ. சகலைக்கு வெந்நீர் கொடு, அன்போட கொடு.

அத்தான்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அத்தானுக்கு,

அவருக்கு வெந்நீர் கொடுத்தேன். அன்பும் இருந்தது என்று எழுதச் சொல்கிறார். உங்கள் எல்லோரின் நலமும் அறிய ஆவல்.

அந்தச் சீட்டை இன்றைக்கே மகளிடம் காட்டுங்கள். அவள் களைத்திருப்பாள், ஆனால் அவள்தான் அம்மா.

அட்டைகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அவசரப்பட்டது என் தப்பு. கண்ணுக்கு முன்னால் காது பழக வேண்டும். வெறும் வாய் விளையாட்டு போதும். ப… ட… ம் என்று நீங்கள் தனித்தனியாகச் சொல்லுங்கள், அவள் ஒட்டவைத்து ஒரே வார்த்தையாகச் சொல்லட்டும். மரம், பழம், கரம், எது வேண்டுமானாலும். 'ம' சத்தத்தில் ஆரம்பிக்கிற பொருள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். சோறு ஊட்டும்போது, தலை பின்னும்போது, எப்போது வேண்டுமானாலும். கத்த வேண்டாம். மெதுவாக, சாதாரணமாகச் சொல்லுங்கள்.

என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேலியாகச் சொல்வதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது.

அன்புடன்,
சின்னவள்


செப்டம்பர் 4

டீச்சரம்மாவுக்கு, இங்க எல்லாரும் சௌக்கியம், என் மானத்தைத் தவிர.

நீ சொன்ன வாய் விளையாட்டை ஆரம்பிச்சேன். ப… ட… ம்னேன். வாலு என்னைப் பாத்தா. மறுபடி சொன்னேன். கிட்ட வந்தா. இன்னொரு தடவை சொன்னேன். மடியில ஏறி உக்காந்து, ரெண்டு விரலால என் மீசையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "இப்ப சொல்லு தாத்தா"ங்கிறா.

எப்பேர்ப்பட்ட மீசை அது. டிப்போவுல எனக்குப் பேரே கிடையாது. "மீசை வண்டி வந்தாச்சா?"ன்னுதான் கேப்பாங்க. உதட்டை மூடி, தாடையைத் தொட்டுக்கிட்டு நிக்கும். உன் அக்காவே அதைத் தொட வருஷக்கணக்கா யோசிச்சா. இவ ஜன்னல் திரைச்சீலை மாதிரி தூக்குறா. தூக்கிப் பிடிச்சா பாதிக்குப் பாதி சரியா சொல்றா. விட்டுட்டா வாயில வந்ததை உளறுறா. என்னைக் கிண்டல் பண்றதுக்குன்னே பண்றா டீச்சரம்மா, வாலுன்னு சும்மாவா பேரு வெச்சோம்.

அவங்க அம்மா சொன்னா மட்டும் ஒழுங்கா சொல்லிடுறா. அதுல ஒரே ஒரு கோளாறு. ப வந்தா ம-ங்கிறா, ம வந்தா ப-ங்கிறா. பழம்னு சொன்னா மழம்ங்கிறா. மத்ததெல்லாம் அனேகமா சரி.

சீட்டைப் பத்திக் கேக்காதே. நாளைக்குக் காட்டிடுறேன்.

நேத்து வாலு கேட்டா, "தாத்தா நீ ஏன் மூணாங்கிளாஸோட நின்னே?"ன்னு. பள்ளிக்கூடத்து மணியைக் கழட்டி ஒளிச்சு வெச்சேன், மணி அடிக்காததால அன்னிக்குப் பள்ளிக்கூடம் முடியவே இல்ல, அதுக்காகத் துரத்திட்டாங்கன்னு சொன்னேன். நம்பிட்டா.

உன் முட்டிக்கு எண்ணெய் தேய். சகலையை விசாரிச்சேன்னு சொல்லு.

அத்தான்


செப்டம்பர் 10

அத்தான்,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை. நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் சேர்த்து எழுதுகிறேன்.

கண்ணாடி முன் நின்று ப என்று சொல்லுங்கள். பிறகு ம என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, கேட்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் உங்களைக் கிண்டல் செய்யவில்லை. உங்கள் உதட்டைப் பார்ப்பதற்காக மீசையைத் தூக்குகிறாள்.

இதை இன்றைக்கே செய்யுங்கள். அவளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். சாதாரணக் குரலில், கத்தாமல், அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று வேண்டுமா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுகிறவர்கள். நீங்கள் கத்தினால் அவளுக்குக் கேட்டுவிடுகிறது, அதனால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. ஆனால் 'ப்' என்ற சத்தத்தை யாராலும் கத்த முடியாது.

உடனே எழுதுங்கள்.

சின்னவள்


செப்டம்பர் 30

அன்புள்ள அத்தானுக்கு,

இருபது நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் நலமா? குழந்தை நலமா?

சனிக்கிழமை போன் செய்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். "யாரு, யாரு" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன் அத்தான். அப்புறம் மகளுக்குப் போன் செய்ய நினைத்தேன். நீங்கள் இன்னும் அவளிடம் சொல்லாமல் இருந்தால், முதலில் என் வாயால் அவள் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாள். திமிர் என்று நினைத்து அவளைப் பலநாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். ஒருநாள் நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, உள்ளே வா என்றேன். வரவில்லை. திரும்பிப் பார்த்து அதையே சொன்னேன், உடனே வந்தாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அடுத்த வாரம் லீவு விட்டார்கள். லீவு முடிந்து அவள் வரவேயில்லை.

அதிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில், ஒவ்வொரு குழந்தையின் முதுகுக்குப் பின்னாலும் நின்று அதன் பெயரை மெதுவாகச் சொல்வேன். பாடமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்களும் குழந்தையும் எந்தத் தப்பும் செய்யவில்லை. எழுதுங்கள்.

சின்னவள்


அக்டோபர் 7

டீச்சரம்மாவுக்கு,

நீ சொன்ன சோதனையை உன் முந்தின கடிதம் வந்த அன்னிக்கே செஞ்சேன். வாலு தரையில அட்டையை அடுக்கிக்கிட்டு இருந்தா. பின்னாடி போய் நின்னு, சாதாரணமா, "வாலு, பிஸ்கட் வேணுமா?"ன்னு கேட்டேன்.

பிஸ்கட், டீச்சரம்மா. திரும்பல.

இன்னொரு தடவை கேட்டேன். அட்டையை ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வெச்சுக்கிட்டே இருந்தா. நான் அப்படியே அவ பின்னாடி தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவளா திரும்பிப் பாத்து, "எப்ப வந்தே தாத்தா?"ன்னா.

அதுக்கப்புறம் பேனாவை எடுக்க முடியல. எத்தனை தடவை திமிருன்னு திட்டியிருப்பேன். ஒரு தடவை கூப்பிட்டதுக்கு வரலைன்னு குட்டு வெச்சிருக்கேன், நறுக்குன்னு. எதுக்குன்னு தெரியாம தலையைத் தடவிக்கிட்டு என்னைப் பாத்தா பாரு, அது இப்பத்தான் எனக்குப் புரியுது.

மறுநாள் பொண்ணு வந்ததும் உன் கடிதத்தையும் அந்தச் சீட்டையும் ஒண்ணா வெச்சு நீட்டினேன். படிச்சு முடிச்சதும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா. என்னை ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியில முறை கிடைக்க ரெண்டு வாரம் ஆச்சு. போற அன்னிக்குக் காலையில நான் மீசையை எடுத்துட்டேன். ஆமா, முழுசா. நாற்பத்தஞ்சு வருஷத்து மீசை, வாஷ்பேசின்ல செத்த எலி மாதிரி கிடந்தது. பொண்ணு என்னைப் பாத்து சிரிச்சு, அப்புறம் அழுது, மறுபடி சிரிச்சா. வாலு கிட்ட வந்து உதட்டைத் தொட்டுப் பாத்துட்டு, "தாத்தா, உனக்கு வாய் இருக்கு"ங்கிறா.

ஆஸ்பத்திரியில அவளைக் கண்ணாடி அறையில உக்கார வெச்சு, காதுல ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேக்குறப்ப எல்லாம் ஒரு மரக்கட்டையைப் பெட்டியில போடச் சொன்னாங்க. டீச்சரம்மா, பாதிக் கட்டை அப்படியே மேஜையில இருந்தது. டாக்டரம்மா சொன்னது இதுதான்: அடிக்கடி சளி பிடிச்சதுல ரெண்டு காதுலயும் ஜவ்வுக்குப் பின்னாடி நீர் கோத்து, பிசின் மாதிரி கெட்டியாகி நிக்குது. நிரந்தரமான செவிடு இல்ல. ஜவ்வுல சின்னதா துளை போட்டு அதை எடுத்துட்டு, கடுகளவு குழாய் வைப்பாங்களாம், அது சில மாசத்துல தானா விழுந்துடுமாம். அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பேச்சும் கெட்டிருக்கும், யார் கண்டுபிடிச்சது?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. என் கொழுந்தியான்னேன். எங்க, கூட வந்திருக்காங்களான்னாங்க. இல்ல, கடிதத்துல இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சான்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

சகலையை நல்லா பாத்துக்கோ.

அத்தான்


அக்டோபர் 16

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பிறகு அவர், "மீசை இல்லாத சகலையைப் பார்க்கவாவது உயிரோடு இருக்க வேண்டும்" என்றார். இருமலும் குறைந்திருக்கிறது.

தேதி வரும்வரை நீங்கள் அவள் எதிரில், வெளிச்சத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். கிளாஸ் டீச்சரிடம் மகளை நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள். நல்லவர்தான் போலிருக்கிறது, தெரியாமல்தான் செய்திருக்கிறார், என்னைப் போல. முன்வரிசை கேளுங்கள். காது திறந்ததும் அட்டைகளை எடுக்கலாம். நடுநடுவே அர்த்தமே இல்லாத வார்த்தையாக அடுக்கி வையுங்கள். அவளால் ஊகிக்க முடியாது, சத்தத்தைச் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

இனி உங்களைப் பற்றி. போனில் ஓடுகிறீர்கள். வீடு முழுக்கக் கத்திப் பேச வைத்திருக்கிறீர்கள். அக்கா கல்யாணத்தில் நான் உங்கள் இடது பக்கம் நின்று மூன்று தடவை அத்தான் என்று கூப்பிட்டேன், நீங்கள் திரும்பவே இல்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று எல்லோரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு இதுவரை சைக்கிள், மணி, அதற்கு முன்னால் ஒரு தேன்கூடு என்று மூன்று கதை சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கண்ணாடி அறையில் நீங்களும் ஒரு தடவை உட்காருங்கள், அது மட்டும் போதும்.

அன்புடன்,
சின்னவள்


டிசம்பர் 2

டீச்சரம்மாவுக்கு அத்தான் எழுதிக்கிறது. எல்லாரும் சௌக்கியம், காது உள்பட.

குழாய் வெச்சு மூணு வாரம் ஆச்சு. முதல் ரெண்டு நாள் ஒரே புகார். ஃபேன் கத்துதாம். பேப்பரைத் திருப்பினா கத்துதாம். நான் சாப்பிடுற சத்தம் அசிங்கமா இருக்காம். "எல்லாரும் ஏன் கத்துறீங்க?"ன்னு எங்களையே அதட்டுறா. நாங்க இப்ப எங்க வீட்டுலயே திருடங்க மாதிரி குசுகுசுன்னு பேசிக்கிறோம்.

ப-வையும் ம-வையும் முதல் தடவையா தனித்தனியா பிடிச்சா. ரெண்டு அட்டையையும் ரெண்டு கையில வெச்சுக்கிட்டு, "இது வேற, இது வேற"ன்னு எனக்கு ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி சொன்னா. அர்த்தமில்லாம 'டமரப'ன்னு அடுக்கினேன். சேர்த்து வாசிச்சுட்டு, "இது யார் தாத்தா, உன் ஃபிரெண்டா?"ங்கிறா. அட்டை இப்ப நாற்பதுக்கு மேல ஆயிடுச்சு. கம்பெனியில எங்களுக்குன்னே பிஸ்கட் செய்யணும் போல.

முந்தாநாள் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரேன். முன்வரிசையில உக்கார வெச்சுட்டாங்க, அதைச் சொல்லிக்கிட்டே வந்தவ ஒரு கடை முன்னாடி நின்னுட்டா. போர்டைப் பாத்து, ட… ய… ர்… னு வாய்க்குள்ள மென்னா. அப்புறம், "டயர்"னா. கீழே கிடந்த டயரைப் பாத்தா, மேலே போர்டைப் பாத்தா, மறுபடி டயரைப் பாத்தா. ரெண்டும் சொந்தக்காரங்கன்னு அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி. நான் சொல்லிக் கொடுக்கல டீச்சரம்மா. யாருமே சொல்லிக் கொடுக்கல. முப்பத்தொரு வருஷம் டயர் உருண்டாத்தான் எனக்குச் சோறு. அப்படிப்பட்டவன் பேத்தி முதல் முதலா தானா படிச்ச வார்த்தை அது. கடைக்காரர் என்னைப் பாத்து, "ஏன் பெரியவரே, உடம்பு சரியில்லையா?"ன்னு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

நானும் அந்தக் கண்ணாடி அறையில உக்காந்தேன். இடது காது போயே போச்சாம், சின்ன வயசுலயே சீழ் வெச்சு. வலது காதும் வயசுக்கு மேல தேஞ்சிருக்காம். காதுல மாட்டிக்கிற மிஷின் எழுதிக் கொடுத்திருக்காங்க.

நீ கேக்காத கேள்விக்கும் பதில் சொல்லிடுறேன். சைக்கிளும் இல்ல, மணியும் இல்ல. எங்க வாத்தியார் தலையைத் தூக்காம ரொம்ப மெதுவா பேர் வாசிப்பார். நான் கடைசி வரிசை. எல்லாரும் 'உள்ளேன் ஐயா' சொல்றது தெரியும், என் பேர் எப்ப வந்ததுன்னு தெரியாது. தினமும் போனேன் டீச்சரம்மா, ஒருநாள் விடல. தினமும் ஆப்சென்ட். ஒரு மாசம் ஆனதும், பையன் வர்றதே இல்லைன்னு பேரை அடிச்சுட்டாங்க. வீட்டுல கேட்டப்ப, ஊர் சுத்தப் போனியான்னு அடிச்சாங்க. நான் அங்கதான் இருந்தேன்னு சொன்னா யார் நம்புவா. அதான் சைக்கிள்ல காத்தைப் பிடுங்கினேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அதுல ஒரு கெத்தாவது இருந்தது.

சகலைக்கு என் அன்பு. மீசையைப் பத்திப் பேச வேண்டாம்னு சொல்லு.

அத்தான்


டிசம்பர் 15

அன்புள்ள அத்தானுக்கு,

இருவரும் நலம். உங்கள் கடிதத்தை இந்த முறை திருத்தவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. என்னிடமே இருக்கட்டும்.

வாலுவை இனி கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க விடுங்கள். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், எதுவானாலும். தடுமாறினால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமான பாடம்.

நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் அத்தான். நான் நம்புகிறேன்.

சின்னவள்


மார்ச் 20

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு உன் அத்தான் எழுதிக்கிறது. நாங்க எல்லாரும் சௌக்கியம். மருமகன் லீவுல வரப்போறான். நீயும் சகலையும் அதே மாதிரி சௌக்கியமா, சண்டை போடுற அளவுக்குத் தெம்பா இருப்பீங்கன்னு நம்புறேன்.

நேத்துதான் அந்தப் பரீட்சை. ஜன்னலுக்கு வெளியே நின்னு பாக்க எனக்கு அனுமதி கொடுத்தாங்க. உள்ளே விட்டா நானே படிச்சுடுவேன்னு பயம் போல. யாரும் பாக்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தாங்க. வாலு விரலை வரிக்குக் கீழே வெச்சா. ஒரு வார்த்தைல நின்னா. நான் பத்து எண்ணினேன். பதினஞ்சு எண்ணினேன். முப்பது கூட எண்ணியிருப்பேன். அவ வாய்க்குள்ள சத்தத்தை ஒண்ணொண்ணா கூட்டி, ஒட்டவெச்சு, சொல்லிட்டா. இன்னொரு இடத்துல தப்பா சொன்னா, அவளே நிறுத்தி, அவளே திருத்திக்கிட்டா. மெதுவாத்தான் வாசிச்சா. கடகடன்னு இல்ல. ராகமே இல்ல. இவ்வளவு மோசமா யாரும் வாசிச்சு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல.

ரெண்டாங்கிளாஸ் போறா. கிளாஸ் டீச்சர் வெளியே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஜூன் மாசம் புதுப் புள்ளைங்க வந்ததும் முதல் வாரமே ஒவ்வொண்ணா பின்னாடி நின்னு பேர் சொல்லப் போறாங்களாம். உன் கடிதத்துல அந்தப் பகுதியை மட்டும் என் பொண்ணு அவங்களுக்குக் காட்டியிருக்கா. கோவிச்சுக்காதே.

இப்ப நான் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் எழுதுறேன். வாலு எதிர்ல முழங்கையை மேஜையில ஊணி கேட்டுக்கிட்டு இருக்கா. என் மிஷினைக் கழட்டி வெச்சிருக்கேன், எழுதும்போது உலகம் கொஞ்சம் வாயை மூடட்டும்னு. "சின்னப் பாட்டிக்கு நன்றின்னு எழுது தாத்தா"ன்னு எனக்குப் புரியற மாதிரி வாயை நல்லாத் திறந்து சொல்றா. எழுதுறேன் இரு, அதுக்கு முன்னாடி அவங்களை இன்னும் நாலு வார்த்தை வம்புக்கு இழுக்கணும்ங்கிறேன். "அப்ப நன்றி எப்ப வரும்?" கடைசியிலன்னேன். "சீக்கிரம் கடைசிக்கு வா"ங்கிறா.

சரி, வரேன். டீச்சரம்மா, உனக்கு இந்த மாதிரி வார்த்தையெல்லாம் நான் சொன்னதே கிடையாது. உன் அக்காகிட்டகூட சொன்னதில்ல, அவ முறைக்கிறது அதுக்காகத்தான் இருக்கும். நீ வட்டம் போட்டாலும் பரவாயில்லைன்னு இன்னிக்குச் சொல்லிடுறேன். நீ அந்தப் புள்ளைங்க ஒவ்வொண்ணு பின்னாடியும் போய் நின்னியே, அது எவ்வளவு பெரிய

இரு. வாலு எழுந்து போறா. எங்கடி போறே, நன்றி இன்னும் வரலைன்னேன். நடந்துகிட்டே திரும்பி, "அம்மா மாடி ஏறுறாங்க"ன்னா.

எனக்குக் காலடிச் சத்தம் ஒண்ணும் கேக்கல. கதவு சாத்தியிருக்கு. அவ என் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு கதவுகிட்ட நிக்கிறா. இப்பத்தான் பூட்டு திரும்புது.